கடைசி பெஞ்சுக்காரி

ஊரில் நாலு பேர் கூடி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் பாடு என்னவென்று யாராவது லிப்ட்காரரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பொழுது சாயும்வரை சொல்லுவார். "கும்பிடப் போனா புண்ணியமாவது மிஞ்சும். சண்டைக்குப் போனா பேராவது மிஞ்சும். இவ ரெண்டுமில்லாம கும்பிடறவன் முதுகைப் பார்த்துட்டு வர்றா. அதுக்குக் காலேஜ்ல சம்பளம் வேற தர்றான்" என்பார். வாயில் கேலி இருக்கும், முகத்தில் பெருமை வழியும். அதை மறைக்க அவருக்குச் சாமர்த்தியம் போதாது.

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மனைவி கல்லூரியில் மதங்களைப் பற்றிய சமூகவியல் சொல்லிக்கொடுப்பவர். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'சாமி டீச்சர்'. ஆனால் எந்தச் சாமி முன்னாலும் டீச்சர் கைகூப்பி யாரும் பார்த்ததில்லை. எந்தச் சாமியைப் பற்றியும் ஒரு சொல் குறைத்துப் பேசிக் கேட்டதுமில்லை. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மாடிப்படியில் மடக்கிக் கேட்டுப் பார்த்தார்.

"டீச்சர், இவ்வளவு படிச்சிருக்கீங்க. கடவுள் இருக்காரா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லிடுங்க. நானும் அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கறேன்."

"அது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க. இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு நீங்க என்னென்ன செய்றீங்க, அதுதான் என் டிபார்ட்மென்ட்."

"நல்லா நழுவறீங்க!"

"நழுவறதுக்குத்தாங்க சம்பளம்" என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறிவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதத்தை லிப்ட்காரர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். யாரோ ஒருவர் வீட்டுக்கு டீச்சர் போவார். தைப்பவர், டிரைவர், விதவை, வேலை போனவர், யாராகவும் இருக்கலாம். அந்த வீட்டிலேயே தாழ்ந்த நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். "ஏன்" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க மாட்டார். "ஏன் கும்பிடறீங்கன்னு கேட்டா ஜனங்க வக்கீல் மாதிரி பேச ஆரம்பிச்சிடுவாங்க. எப்படிக் கும்பிடறீங்கன்னு கேட்டா வாழ்க்கையையே எடுத்து வெளியில வச்சிடுவாங்க" என்பார். எதிராளி பேச்சை நிறுத்தினால் இவரும் பேச மாட்டார். மேசைக்கடியில் கட்டைவிரல் நகத்தால் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டு காத்திருப்பார். அந்தச் சுண்டுவிரலில் ஒரு தழும்பே விழுந்திருந்தது. எல்லாம் முடிந்தபின் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார். "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்பது முதலாவது. "இப்ப நீங்க என்னை ஏதாவது கேக்கணுமா?" என்பது அடுத்தது. இந்த இரண்டாவது கேள்விக்கு அநேகமாக எல்லோரும் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பார்கள்: நீங்க நம்புறீங்களா? "நான் கேட்டுக்கத்தான் வந்திருக்கேன்" என்று டீச்சர் எழுந்துகொள்வார்.

டீச்சர் பார்த்த கூட்டங்கள் எத்தனையோ. பாடுகிற கூட்டம், ஆடுகிற கூட்டம், அழுகிற கூட்டம். எல்லாவற்றிலும் அதிக காலம் போய் உட்கார்ந்தது ஒரே இடத்தில். கடைத்தெருவில் டயர் கடைக்கு மேலே ஒரு கூடம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே முப்பது நாற்பது பேர் கூடிக் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். படம் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. திடீரென்று ஒருவர் எழுந்து ஏதோ ஒரு பேரை மட்டும் சொல்லுவார். நோயில் கிடப்பவர் பேராக இருக்கும், காணாமல் போனவர் பேராக இருக்கும். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மறுபடி நிசப்தம். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். ஊரில் இவர்களை 'மாடிக்காரங்க' என்பார்கள். ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஓர் இல்லம் உண்டு. கடைசிக் காலத்தில் யாருமற்றவர்களை அங்கே வைத்துக்கொண்டு, உயிர் போகும்வரை முறைபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலைக்கென்றே வீட்டை விட்டுவிட்டு உள்ளே போனவர்களும் உண்டு. போனால் ஒரு வருஷம் வீட்டுப்பக்கம் வரக்கூடாது. அதன்பிறகு வருவதும் வராததும் அவரவர் இஷ்டம்.

இதைப் பற்றியெல்லாம் டீச்சர் தடிமனாக ஒரு புத்தகமே எழுதியிருந்தார். லிப்ட்காரர் அதில் முன்னுரையைத் தாண்டியதில்லை. ஆனால் எழுதுகிற காலத்தில் டீச்சர் சோற்றுத் தட்டின் முன் சொல்லிச் சொல்லி ஒரு விஷயம் மட்டும் அவர் மனசில் பதிந்துவிட்டது. வீட்டில் பேசித் தீர்த்துவிட்டுப் போனவர்கள் வருஷம் கழித்துத் திரும்பி வந்து வாசல் மிதிக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் வருவதில்லை.

அந்த விஷயம் ஒருநாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்காரும் என்று அவர் கண்டாரா?

மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை. உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும். ஒரே மகள், ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருப்பவள். வயது இருபத்தைந்தைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். வந்து உட்கார்ந்து கையைத் தட்டில் வைத்தவள் சாப்பிடாமலே சொன்னாள்.

"அம்மா, நான் வேலையை விட்டுட்டேன். மாடிக்காரங்க இல்லத்துல சேரப் போறேன். சனிக்கிழமை."

லிப்ட்காரருக்கு முட்டை தொண்டையில் நின்றது. அவர் தண்ணீரைத் தேடுவதற்குள் டீச்சர் பேசிவிட்டார். உலகத்தில் வேறு எந்தத் தாயும் அப்படிப் பேசியிருக்க மாட்டாள்.

"நீ மூணாவது வகை."

"என்னம்மா?"

"என் புத்தகத்துல அஞ்சாவது அத்தியாயம். உள்ள போறவங்க நாலு வகை. துக்கத்துல போறவங்க, காதல் முறிஞ்சு போறவங்க, தினமும் சாவைப் பார்க்கற வேலையில களைச்சுப் போறவங்க… நீ அதுல மூணாவது. இது களைப்பு பாப்பா. ரெண்டு மாசம் லீவு போட்டா சரியாயிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

பாப்பா தன் அம்மாவை யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஊர்ல யாரு என்ன சொன்னாலும் வாயை மூடிக் கேப்பே. நான் ஒரு வாக்கியம் சொன்னேன், எனக்கு நம்பர் போட்டுட்டே" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு செத்துவிட்டது. லிப்ட்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு எடுத்து வைத்ததும் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கொஞ்சிக் கூப்பிட மாட்டார், முழுப் பேரைச் சொல்லி, எட்டாவது மாடியில் நிற்கும் உதவியாளைக் கூப்பிடுகிற தொண்டையில் ஒரு கூப்பாடு. உள்ளேயிருந்து "இதோ வர்றேம்பா" என்று பதில் வரும். அது பொய், ஆள் வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். ஆனால் அந்தப் பதிலைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். பதில் இல்லை. புதன்கிழமையும் கூப்பிட்டார். பாப்பா சத்தமில்லாமல் வந்து, தட்டை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போனாள். அந்த வீட்டில் அவர் அதுவரை கண்டிராத பயம் அன்றைக்கு வந்தது.

வியாழக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"இந்தா, ஒண்ணு கேக்கறேன். கோபப்படாதே."

"கேளுங்க."

"ஊரான் வீட்டுப் பொண்ணு ஒருத்தி இதையே உன்கிட்ட வந்து சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

டீச்சர் ஈரம் காயாத துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "கேட்டிருப்பேன்" என்றார்.

"அப்போ நம்ம பொண்ணு என்ன பாவம் பண்ணினா?"

"முடியலீங்க. அவ வாயைத் திறந்தா எனக்கு அந்த இல்லத்துக் கட்டில்தான் தெரியுது. அந்த வாடை தெரியுது. அங்க தூக்கமில்லாம எப்படி இளைச்சுப் போவாங்கன்னு தெரியுது. தெரிஞ்சு தொலைச்சிருக்கே! ஒண்ணும் தெரியாதவளா இருந்தா அழுதாவது தடுத்திருப்பேன்."

"கோபிச்சுக்கிட்டுப் போறவங்க திரும்பி வர்றதில்லைன்னு நீதானே எழுதினே?"

டீச்சர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். லிப்ட்காரர் தேற்றத் தெரியாமல், மடித்த துணியை எல்லாம் தப்புத் தப்பாக அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மழை கொஞ்சமும் விடவில்லை. சாயங்காலம் லிப்ட்காரர் அடுக்களையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். டீச்சர் வெளியூர் போகும்போது போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டார். தோளில் வேலைப் பை. கையில் குடை.

"இந்த மழையில எங்க கிளம்பிட்டே?"

"வெளியே."

கதவு சாத்திக்கொண்டது. பெண் நாளைக்குப் போகிறாள், பெண்டாட்டி இன்றைக்கே போய்விட்டாளா? கத்தியும் கிழங்குமாக அவர் கூடத்துக்கு வருவதற்குள் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் டீச்சர் நிற்கிறார்.

"என்னத்தை மறந்தே?"

"ஒண்ணும் மறக்கல. நீங்க போங்க. பாப்பாவைக் கூப்பிடுங்க."

"சாவி உன்கிட்ட இருக்கே! உள்ள வந்து கூப்பிடறது!"

"உள்ள வந்தா நான் அம்மாவாயிடறேங்க" என்றார் டீச்சர். "அடுத்த வீட்டு வாசல்ல நின்னாத்தான் எனக்கு வாய் அடங்கும். கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மணிச் சத்தத்துக்குப் பாப்பாவே வந்துவிட்டாள். தாயும் மகளும் வாசல்படிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கமாக நின்றார்கள்.

"யாரு வேணும்?" என்றாள் பாப்பா. கோபம்தான்; ஆனால் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"காலேஜ்லேருந்து வர்றேன். ஜனங்க எப்படிக் கும்பிடறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறது என் வேலை. உங்களுக்கு நேரமிருந்தா கொஞ்சம் பேசலாமா? பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவேன்."

பாப்பா விலகி வழிவிட்டு, "உள்ள வாங்க" என்றாள்.

லிப்ட்காரர் அடுக்களைக்குள் பதுங்கிக்கொண்டார். அங்கிருந்து சாப்பாட்டு மேசை பாதி தெரியும். டீச்சர், பரணில் சாமான் எடுக்க ஏறி நிற்கிற முக்காலியை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். மகள் நாற்காலியில், இவர் தாழ. ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"முதல் தடவை ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்தது எப்படின்னு சொல்ல முடியுமா?"

பாப்பா சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அடைப்பு எடுத்த குழாய்போல.

"எங்க வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க. கண்ணு போயிடுச்சு. ஆளுன்னு யாரும் வரல. ரத்தம் எடுக்கப் போவேன், கையை நீட்டுவாங்க, அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் டியூப்பை எடுத்துக்கிட்டுத் திரும்பறேன், 'ஜன்னல் பக்கம் என்னம்மா தெரியுது'ன்னு கேட்டாங்க. எனக்கு ஆயிரம் வேலை. சும்மா சொல்லிட்டுப் போயிடலாம்னு, 'மழை பெய்யுது'ன்னேன். 'அது கேக்குது. தெரியறதைச் சொல்லு'ன்னாங்க. சரின்னு உட்கார்ந்தேன். ஒரு ஆளு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறான், சீட்டு மேல பிளாஸ்டிக் பை கட்டியிருக்கான். ரெண்டு பொண்ணுங்க ஒரே குடையில போறாங்க, ரெண்டு பேரும் நனையறாங்க. நாய் ஒண்ணு பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கு. இப்படிச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்க என் கையைப் பிடிச்சிருந்தாங்க."

பாப்பா நிறுத்தினாள். டீச்சரின் நகம் மேசைக்கடியில் சுண்டுவிரலை அழுத்துவதை லிப்ட்காரர் பார்த்தார். இவரே பொறுக்கமாட்டாமல் 'அப்புறம்?' என்று கேட்டிருப்பார். டீச்சர் கேட்கவில்லை.

"எப்ப போனாங்கன்னு தெரியலம்மா. நான் பாட்டுக்கு நாய் எழுந்து போறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். திரும்பிப் பார்த்தா முகம் அப்படியே கேட்டுக்கிட்டு இருக்கு. மூச்சு இல்ல."

"அப்ப அந்த ரூம் எப்படி இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு." அவள் கைகளை விரிக்கப் பார்த்து, முடியாமல் மடியில் போட்டுக்கொண்டாள். "எப்படிச் சொல்றது… இருட்டுல மலைப்பக்கம் நிப்போம்ல? மலை கண்ணுக்குத் தெரியாது. ஆனா பக்கத்துல ஏதோ பெருசா இருக்கறது மேல படும்ல? அப்படி. பயமே இல்ல. அவங்களும் நானும் ரொம்பச் சின்னதா, பத்திரமா இருந்த மாதிரி. அது என்னன்னு எனக்குத் தெரியாது. பேர் வைக்கவும் தோணல. ஆனா யாரும் அந்தப் பக்கம் தனியா போகக் கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். களைப்பெல்லாம் இல்லம்மா."

"இல்ல" என்றார் டீச்சர், மிகவும் மெதுவாக. "களைப்பு இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

லிப்ட்காரர் கையில் கிழங்கு பாதித் தோலோடு நின்றது. லிப்ட் வேலையில் அவருக்கும் அப்படி ஒன்று தெரியும். கட்டடத்தின் உச்சியில் கதவைத் திறந்து, காலடியில் அடிமட்டம்வரை இறங்கும் வெறும் குழியைப் பார்க்கையில் பேச்சு வராது. இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. தன் வீட்டு மேசையில் தன் மகள் அதைவிடப் பெரிதான ஒன்றைப் பற்றி, மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைக்கப் போய்க் கிழங்கு மண்ணைப் பூசிக்கொண்டார்.

"நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" டீச்சர் வழக்கப்படி கேட்டார்.

"இருக்கு. எல்லாம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு நீ கேக்கல."

"எப்ப?"

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப. அப்பா வேலைக்குப் போயிட்டா என்னை விட்டுட்டுப் போக இடமில்லாம மாடிக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவியே. கடைசி பெஞ்சுல உன் மடியில படுத்திருப்பேன். எல்லாரும் கண்ணை மூடியிருப்பாங்க. நீ ஒருத்திதான் திறந்து வச்சிருப்பே. எனக்கு வேற என்ன வேலை? உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். யாராவது எழுந்து ஒரு பேர் சொல்லுவாங்க. யாருன்னே தெரியாத பேர். அந்தப் பேரைக் கேக்கறப்ப உன் மூஞ்சி எப்படி ஆகும் தெரியுமா? எனக்குக் காய்ச்சல் வந்தா என்னைப் பார்ப்பியே, அந்த மூஞ்சி. ஒவ்வொரு பேருக்கும் அப்படி. கும்பிடறதுன்னா அதுதான்னு நான் ரொம்ப வருஷம் நெனச்சிருந்தேன்மா. இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன்."

டீச்சர் அழவில்லை. அழத் தெரியாதவராகப் போய்விட்டார். முக்காலியில் உட்கார்ந்தபடி தன் முகத்தை ஒரு கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அது தன் முகம்தானா என்று சந்தேகம் வந்தவர் மாதிரி. ஊர் முகங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியவருக்கு அந்த ஒரு முகம் கண்ணில் படாமலே போயிருந்தது.

"இப்ப… நீ என்னை ஏதாவது கேக்கணுமா?"

நம்புறியா என்று கேட்கப் போகிறாள் என்று லிப்ட்காரர் நினைத்தார். பாப்பா கேட்டது வேறு.

"நாளைக்கு என் பேரைச் சொல்ல நீ வருவியா?"

கூடத்தின் வழக்கம் அது. உள்ளே சேருகிறவரின் பேரை அவர் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொன்னால் கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பேரை வாங்கிச் சொல்லுவார்கள். வீட்டிலிருந்து யாரும் வராதவர்களுக்குக் கூடத்தில் மூத்தவர் சொல்லுவார். மூத்தவர் சொன்ன பேர்கள்தான் அதிகம்.

"பாப்பா, நான் அங்க எழுந்து நின்னதே இல்லையே" என்றார் டீச்சர். "ஒரு தடவைகூட இல்ல. எழுந்து நின்னா அப்புறம் நான் பார்க்கறவ இல்ல. அவங்கள்ல ஒருத்தி. நான் எழுதினது, சொன்னது எல்லாம் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து…" வாக்கியம் முடியவில்லை. "அப்பா வருவார்" என்று முடித்தார்.

"சரிம்மா" என்றாள் பாப்பா. கோபம் இல்லை. அதுதான் லிப்ட்காரரைக் கொன்றது.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் டயர் கடை ஓரத்து மாடிப்படி ஏறினார்கள். ரப்பர் வாடையும் ஈரச் செருப்பு வாடையும். லிப்ட்காரர் அந்தப் படியில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தார். வெள்ளையடித்த சுவர், மர பெஞ்சுகள், மூலையில் ஒழுகலுக்கு வைத்த ஒரு வாளி, அவ்வளவுதான். பாப்பா முன்வரிசைக்குப் போய்விட்டாள். டீச்சர் கால் பழகின வழியில் கடைசி பெஞ்சுக்குப் போனார். லிப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் பேரை உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நிசப்தம் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏதோ ஓர் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாளியில் சொட்டு விழுந்தது. கீழே யாரோ டயரைத் தட்டிவிட்டு நிறுத்தினார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து ஒன்றும் செய்யாமலிருப்பது இத்தனை பெரிய காரியமா? லிப்ட்காரருக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. இதைப் பார்க்கவா இவள் வாராவாரம் வந்தாள் என்று எண்ணினார்.

நேரமாயிற்று. எழ வேண்டியதுதான். அவர் முழங்காலில் கையை ஊன்றினார். அப்போது அவர் தோள்மேல் ஒரு கை அழுந்தியது. தன்னை உட்காரச் சொல்கிறாளோ என்று நினைத்தார். இல்லை. அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர் எழுந்துகொண்டிருந்தார்.

நின்றார். முன்வரிசையில் பாப்பாவின் முதுகு அசையாமல் இருந்தது. டீச்சர் மகளின் பேரைச் சொன்னார். பிறந்த அன்று, எந்தச் சாமி பேரும் வேண்டாம், எந்தச் சாமிக்கும் ஆகாத பேரும் வேண்டாம் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிடித்த பேர். அந்த முழுப் பேரை, ஓர் எழுத்தும் சிதறாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த முகத்தை லிப்ட்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற முகம்.

முதல் வரிசையில் ஒரு கிழவர் அந்தப் பேரைச் சொன்னார். அடுத்து ஒரு பெண் சொன்னாள். கட்டைக் குரல், கீச்சுக் குரல், திக்குகிற குரல், ஒவ்வொன்றாகப் பேர் கைமாறி வந்தது. அதுவரை அவர் வீட்டுக்குள் மட்டும் கேட்டிருந்த பேர், யார்யார் வாயிலோ ஏறி, தானே ஒரு பெரிய ஆளாகி, வரிசை வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கடைசி பெஞ்சுக்கு வந்து லிப்ட்காரர் முன்னால் நின்றது.

அவருக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. அந்தப் பேரை அவர் ஒரே மாதிரிதான் சொல்லிப் பழகியிருக்கிறார். வாயைத் திறந்தார். தட்டு எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிற அதே தொண்டை, அதே கூப்பாடு, கூடம் முழுவதும் அதிர்ந்தது.

முன்வரிசையிலிருந்து, யோசிக்காமல், பழக்கத்தில் பதில் வந்தது.

"இதோ வர்றேம்பா!"

கூடத்தில் ஒருவரும் கண் திறக்கவில்லை. அந்தப் பதிலும் ஒரு பேர் என்பதுபோல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கணவரின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாகத் திறந்தே வைத்திருந்த கண்களை மெல்ல மூடிக்கொண்டார்.